இரு உயிரினங்கள் ஒன்றுக்கொன்று உதவுகின்றனவா என்று கண்டறிவது எப்படி?

இரண்டு வேறுபட்ட உயிரினங்கள் எப்போதும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பதற்காக, அவை ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று முடிவுகட்டிவிட முடியாது. ஒன்று மற்றதை உறிஞ்சி வாழ்ந்துகொண்டிருக்கலாம். அல்லது ஒன்று பயனடைய, மற்றதற்கு லாபமும் நட்டமும் இல்லாமல் இருக்கலாம். இரு தரப்பும் பயன்பெறுவதை உறுதிசெய்ய, முதல் உயிர் எதைப் பெறுகிறது, இரண்டாவது எதைப் பெறுகிறது, ஒன்றை விலக்கினால் மற்றது என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆனால் ஐயத்தைத் தீர்ப்பது அதுதான்.

பழகத் தொடங்குவதற்கு எறும்பும், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினியும் மிகவும் ஏற்றவை. அசுவினி அப்பியுள்ள இளந்தண்டு ஒன்றின் அருகே, நம் நிழல் அதன்மேல் விழாதவாறு, 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸுடன் அமர வேண்டும். எறும்பு தன் உணர்கொம்புகளால் அசுவினியின் பின்பகுதியை மெல்லத் தட்டுவதையும், அசுவினி வயிற்று நுனியில் தெளிந்த துளி ஒன்றை வெளியிடுவதையும், எறும்பு அதை உடனே உறிஞ்சிக்கொள்வதையும் பொறுமையுள்ளவர்கள் நேரிலேயே காணலாம். செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, அமினோ அமிலங்கள் குறைவு. ஆகவே அசுவினி தேவைக்கு மேல் சாற்றைக் குடித்து, மிஞ்சும் சர்க்கரையைக் கழிவாக வெளியேற்றுகிறது. எறும்புக்குக் கிடைக்கும் ஆதாயம் அந்தக் கழிவுதான். அசுவினிக்குக் கிடைப்பது என்ன என்று அறிய, அதைத் தின்னும் பொறிவண்டோ அதன் புழுவோ தண்டில் ஏறும்வரை காத்திருந்து, எறும்புகள் அதை விரட்டுகின்றனவா என்பதை நேரத்துடன் குறித்துவைக்க வேண்டும்.

அடுத்தது விலக்கிப் பார்க்கும் சோதனை. ஏறத்தாழ ஒரே அளவில் அசுவினி உள்ள இரு தண்டுகளின் அடிப்பகுதியில் காகித நாடாவைச் சுற்றி, எறும்புகள் ஏறாதபடி ஒன்றின் நாடாமீது மட்டும் வாசலினைத் தடித்துப் பூச வேண்டும். வெறும் நாடா சுற்றிய தண்டு ஒப்பீட்டுக்கானது. நாடாவே மாற்றத்துக்குக் காரணமாகியிருக்குமோ என்ற ஐயத்தை அது போக்கிவிடும். வாசலின் பூசிய தண்டில் ஏற்கெனவே இருக்கும் எறும்புகளைத் தூரிகையால் அகற்ற வேண்டும். பக்கத்துச் செடியின் ஓர் இலை உரசினாலும் எறும்புகள் அதன் வழியே ஏறிவிடும் என்பதால், அத்தகைய தொடுப்புகளை விலக்கிக் கட்டுவது அவசியம். பிறகு ஒரு வாரமாவது, நாள்தோறும் ஒரே வேளையில், இரு தண்டுகளிலும் அசுவினிகளையும் அவற்றைத் தின்ன வரும் பூச்சிகளையும் எண்ணி எழுத வேண்டும். எறும்பு இல்லாத தண்டில் பகைப்பூச்சிகள் பெருகி அசுவினிகள் குறைந்தால், அது வலுவான சான்று. பெரிய ஆய்வுகளும் இந்த வழியில்தான் நடந்தன: சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1966இல் வெளியிட்ட ஆய்வில், தம் முட்களில் எறும்புகளுக்கு இடம் கொடுக்கும் அகேசியா மரங்களிலிருந்து எறும்புகளை அகற்றியபோது, பூச்சிகள் அவற்றின் இலைகளைத் தின்றன, அண்டைச் செடிகளும் அவற்றை நெருக்கி மூடின.

மண்ணுக்குள், பயறுவகைச் செடிகளுக்கும் அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாவுக்கும் இடையே நடக்கும் உறவைக் காண, பூக்கும் பருவத்தில் உள்ள தட்டைப்பயறு அல்லது நிலக்கடலைச் செடியைச் சுற்றிலும் அகலமாகத் தோண்டி எடுத்து, வேரை வாளி நீரில் அலச வேண்டும். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். நூற்புழுவாலும் வேரில் வீக்கம் உண்டாகும் என்பதால் இங்கே கவனம் தேவை. புழுவால் வந்த வீக்கம் வேரே பருத்ததாக இருக்கும். பாக்டீரியா வாழும் முடிச்சோ விரலால் தேய்த்தால் தனியே உதிரும். அந்த முடிச்சைப் பிளேடால் இரண்டாக வெட்டினால், உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது நைட்ரஜன் நிலைநிறுத்தம், அதாவது காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவுக்கு மாற்றுவது, நடைபெறுவதற்கு அடையாளம். ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தித் தரும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் நிறம் அது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால், அந்த முடிச்சு செயல்படவில்லை எனலாம். செடி சர்க்கரை தருகிறது, பாக்டீரியா நைட்ரஜன் தருகிறது. ஆயினும் இந்த உறவில் கண்டிப்பும் உண்டு என்பது எனக்கு என்றும் வியப்பளிப்பது. 2003இல் வெளியான சோயா ஆய்வு ஒன்றில், சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை நிரப்பி, பாக்டீரியா தன் பங்கைச் செய்யமுடியாதபடி தடுத்தார்கள். அந்த முடிச்சுகளில் பாக்டீரியாவின் பெருக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. செடி அவற்றுக்கான ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது என்பதற்கும் ஆதாரம் கிடைத்தது.

பூக்களில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: வரும் பூச்சியின் உடல் மகரந்தத்தையும், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியையும் தொடுகிறதா? சில கருவண்டுகள் நீண்ட பூவின் அடியில் துளையிட்டுத் தேனைக் குடித்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட வருகையை மகரந்தச் சேர்க்கையாக எண்ணக் கூடாது.

நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகளையும் இதே கண்டிப்புடன்தான் அணுக வேண்டும். ஆப்பிரிக்காவில் கால்நடைகளின் முதுகில் அமர்ந்து உண்ணி பொறுக்கும் ஆக்ஸ்பெக்கர் பறவை, நல்லுறவுக்குச் சான்றாக நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. ஜிம்பாப்வேயில் மாடுகளை வைத்து நடத்தி 2000இல் வெளியான ஆய்வில், பறவைகளை அண்டவிடாமல் தடுத்தபோதும் வளர்ந்த உண்ணிகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை; அப்பறவைகள் இரத்தத்துக்காகக் காயங்களை ஆறவிடாமல் கொத்தியதும் தெரியவந்தது. சூழலுக்கேற்ப முடிவு மாறும் என்பதால், பொறிவண்டே இல்லாத இடத்தில் எறும்பை விலக்கினால் எந்த வேறுபாடும் தெரியாமல் போகலாம். ஆகவே, குறிப்பேட்டில் பருவம், வானிலை, அங்கிருந்த பகைப்பூச்சிகள் ஆகியவற்றையும் எண்ணிக்கையோடு சேர்த்து எழுத வேண்டும். சோதனை முடிந்ததும் தண்டு பருக்கத் தடையாகாதபடி நாடாக்களை அவிழ்த்துவிட வேண்டும்.