டிராம்போலின் பார்க்கில் குழந்தையோடு சேர்ந்து குதிக்காதீர்கள். இன்னும் சில தவறுகள்

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கும். ஒட்டாவிட்டாலும் இரண்டாம் முறை போகும்போது தானே தெரிந்துவிடும். ஸ்பிரிங்கில் இழுத்துக் கட்டிய துணிக் கட்டங்களில் குதித்து விளையாடும் இந்த டிராம்போலின் பார்க்குக்கு மூத்தவளை அழைத்துக்கொண்டு போன காலம் முடிந்து, இப்போது சின்னவனோடு போய்க்கொண்டிருக்கிறேன். ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், புதிதாக வரும் அப்பா அம்மாக்கள் அன்று நாங்கள் செய்ததையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். பலவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒன்றைப் பார்த்தால் மட்டும் எழுந்துபோய்ச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. அதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன்.

வயதைப் பற்றி யோசிக்காமல் கிளம்புவது

அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் சங்கம், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் டிராம்போலினில் ஏறவே வேண்டாம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, வீட்டில் விளையாட்டுக்காக டிராம்போலின் வைத்திருப்பதையே வேண்டாம் என்று சொன்னது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் போகிறேன். நீங்களும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். போவது என்று முடிவெடுத்தால், சின்னக் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியோ தனி நேரமோ இல்லாத பார்க்குக்குப் போகாதீர்கள். இதில் பேரம் கிடையாது.

சேர்ந்து குதிப்பது

காட்சி எப்போதும் ஒன்றுதான். மூன்று வயதுக் குழந்தை கட்டத்தின் நடுவில் தயங்கி நிற்கும். அப்பா உள்ளே இறங்குவார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்று அவரும் குதிப்பார். குழந்தை தானாகக் குதிப்பதைவிட இரண்டு மடங்கு உயரம் போகும், கிக்கிக்கென்று சிரிக்கும். அம்மா வெளியிலிருந்து வீடியோ எடுப்பார். ஊழியர் விசில் ஊதி, "ஒரு கட்டத்துல ஒருத்தர்தான் சார்" என்றால், "நான்தான் பக்கத்துல இருக்கேனே!" என்று பதில் வரும்.

ஆபத்தே நீங்கள் பக்கத்தில் இருப்பதுதான் சார்.

அந்தத் துணி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். குதிப்பவரின் எடைக்கேற்ப அது கீழே இறங்கும், ஓரத்து ஸ்பிரிங்குகள் இழுபடும், பிறகு அந்தச் சக்தியில் பெரும்பகுதி மேலே திரும்பி வரும். தனியாகக் குதிக்கும் குழந்தைக்குத் திரும்பி வருவது அதனுடைய சக்தி மட்டும்தான். அதன் கால் அதைத் தாங்கிக்கொள்ளும். இப்போது அதே துணியில் 80 கிலோ ஆள் ஒருவர் குதித்து, துணியை ஆழமாக அழுத்திவிட்டு மேலே கிளம்புகிறார். துணி வேகமாக மேலே எழும்புகிறது. சரியாக அந்த நொடியில் குழந்தை கீழே இறங்கினால், காலுக்கு அடியில் இருப்பது மெத்தென்ற துணி இல்லை, தன்னை நோக்கி எழும்பி வரும் விறைப்பான தளம். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது தரை நினைத்ததைவிட முன்னாடியே வந்துவிட்டால் முழங்கால்வரை ஜிவ்வென்று ஏறுமே, அதைப் பல மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 80 கிலோ பெரியவரும் 25 கிலோ குழந்தையும் ஒரே துணியில் குதித்து, பெரியவரின் சக்தி குழந்தைக்கு மாறினால், அந்தக் குழந்தை 2.8 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விழுவதற்குச் சமம் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. ஒரு தளத்தின் உயரம் அது. யாராவது ஆசையாகச் செய்வார்களா?

மேலே சொன்ன 2012 அறிக்கையில் இரண்டு விஷயங்கள் உண்டு. டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு, ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே துணியில் இருக்கும்போது நடப்பவை. சேர்ந்து குதிப்பவர்களில் கனமானவரைவிட, இருப்பதிலேயே சின்னவருக்குக் காயம்படும் வாய்ப்பு 14 மடங்குவரை அதிகம். அதாவது, "நமக்கு ஒன்னும் ஆகலையே" என்று அப்பா சொல்வது உண்மைதான். அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

அடிபடும் இடமும் எதிர்பாராத இடம். சின்னக் குழந்தைகளுக்குப் பலமுறை முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்காலின் பெரிய எலும்பு முழங்காலைத் தொடும் பக்கம். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளிடம் இது அடிக்கடி வருவதால், மருத்துவர்கள் இதை 'டிராம்போலின் முறிவு' என்றே அழைக்கிறார்கள். இதற்குக் குழந்தை கீழே விழவே வேண்டியதில்லை. நின்ற நிலையிலேயே இறங்கியிருக்கும், திடீரென்று வீறிட்டு அழும். பார்த்தவர்கள் எல்லாரும் "எங்கேயும் விழலையே, எதுக்கு அழுவுது?" என்பார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. மாமாவோடு குதித்த பையன் அழுதான். தூக்கிச் சமாதானப்படுத்தினார்கள், வீங்கவில்லை, சிவக்கவில்லை. பயந்துவிட்டான் என்று முடிவுகட்டினார்கள். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டால் நிற்க மாட்டேன் என்கிறான். செல்லம் கேட்கிறான் என்று ஒருவர், அடம் பிடிக்கிறான் என்று இன்னொருவர். அன்று மாலைதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு காலில் மாவுக்கட்டு. பையன் நன்றாகத்தான் இருக்கிறான், ஓடுகிறான். மாமாதான் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

எனக்கு எரிச்சல் வருவது தெரியாமல் செய்பவர்கள்மேல் இல்லை. சொன்ன பிறகு, "எனக்கும் சேர்த்துத்தானே டிக்கெட் வாங்கியிருக்கேன்" என்று அந்த விசில் ஊதும் பையனிடம் சண்டைக்குப் போகிறவர்கள்மேல்தான். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஒரே ஆளாக ஏகப்பட்ட கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் வாயை அடைத்துவிட்டால் ஜெயித்துவிட்டதாக நினைப்பு.

இதே தவறுக்கு இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு குதிப்பது. தடுமாறினால் உங்கள் எடை முழுவதும் குழந்தையின்மேல் வரும். இன்னொன்று, "அண்ணன் பார்த்துப்பான்" என்று பத்து வயதுக்காரனோடு சின்னதை ஒரே கட்டத்தில் விடுவது. மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த அண்ணனும் இரண்டு மடங்கு எடைதான், பாசம் இருந்தாலும்.

சரி, குழந்தை "நீயும் வா" என்று கையைப் பிடித்து இழுக்கிறதே, என்ன செய்வது? முறைபோட்டுக் குதியுங்கள். குழந்தை பத்து எண்ணும்வரை நீங்கள் கட்டத்துக்கு வெளியே ஓரத்துத் திண்டில் நின்று கைதட்டுங்கள். அப்புறம் அதைக் கீழே இறக்கி, உங்கள் முறை. என் சின்னவனுக்கு இப்போது அவன் குதிப்பதைவிட, "ஏழு, எட்டு, தப்பு! மறுபடியும்!" என்று என்னை எண்ணிக் கலாய்ப்பதுதான் பிடித்திருக்கிறது. ஒரு கட்டத்தின் துணியும் அடுத்த கட்டத்தின் துணியும் தனித்தனி என்பதால், ஆளுக்கொரு கட்டத்தில் நின்றாலும் சரிதான். ஆனால் பெரிய பிள்ளைகள் கட்டம் விட்டுக் கட்டம் தாவி வருவார்கள். பொதுப் பகுதியில் என்றால் குதிப்பதை விட்டுவிட்டு அதைப் பார்ப்பதே உங்களுக்கு வேலையாக இருக்கும்.

நிற்கக் கற்றுத்தராமல் குதிக்க விடுவது

எல்லாரும் எப்படிக் குதிப்பது என்று சொல்லித்தருகிறார்கள். அது குழந்தைக்கே தெரியும். தெரியாதது நிறுத்துவது. துணியைத் தொடும்போது முழங்காலை நன்றாக மடக்கி அமுங்கினால் எழும்பல் அடங்கிவிடும். ஏறியதும் முதலில் இதைத்தான் விளையாட்டாக்குங்கள்: மூன்று குட்டிக் குதி, "சிலை" என்றதும் மடங்கி நிற்க வேண்டும். இது வராத குழந்தை, காலை விறைப்பாக வைத்துக்கொண்டே எழும்பி, தன் போக்கில் இல்லாமல் துணியின் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

விழுவதையும் சொல்லிக்கொடுங்கள். பின்னால் சாயும்போது கையை ஊன்றத் தோன்றும், அதில்தான் முழங்கையும் மணிக்கட்டும் அடிபடும். கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தாடையைத் தாழ்த்தி, தொப்பென்று உட்காரப் பழக்குங்கள். இரண்டு வயதில் இது புரியாது. நான்கில் புரியும்.

குட்டிக்கரணம்

வேண்டாம். கழுத்து எலும்பு விஷயம்.

ஸ்பாஞ்சுக் குழியை மெத்தை என்று நம்புவது

சதுரச் சதுரமான ஸ்பாஞ்சுகள் நிறைந்த அந்தக் குழியைப் பார்த்தால் யாருக்கும் பாய்ந்துவிடத் தோன்றும். சின்னக் குழந்தைக்கு அதில் விழுவது சுலபம், வெளியே வருவதுதான் பெரும்பாடு. காலை ஊன்ற ஊன்ற ஸ்பாஞ்சு நகரும். அந்த நேரத்தில் மேலே மேடையில் அடுத்த பையன் ஓடிவரத் தயாராக நிற்பான். குழிக்குள் இருக்கும் குழந்தையின் தலை அவன் கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே, குழந்தை குதித்தால் நீங்கள் மேடையின் விளிம்பில் நின்று அடுத்த ஆளை மறித்துக்கொள்ளுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும். காலோ புட்டமோ முதலில் இறங்க வேண்டும், தலை ஒருபோதும் கூடாது. பழைய ஸ்பாஞ்சுகள் நொறுங்கி அமுங்கிப்போயிருக்கும் என்பதால், பார்ப்பதற்கு இருக்கும் ஆழம் உண்மையில் இருக்காது. குழிக்குப் பதிலாகப் பெரிய காற்றுப்பை வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. எனக்கு அவைதான் பிடிக்கும். ஏறி வருவது எளிது, தொலைந்த ஹேர்பின்னைத் தேடி இன்னொருவருடைய பழைய பிளாஸ்திரியைக் கையில் எடுக்கவும் வேண்டியிருக்காது.

கொடுத்த காசுக்கு ஈடுகட்டுவது

டிக்கெட் ஒரு மணி நேரத்துக்கு. சின்னக் குழந்தையின் கால் அரை மணி நேரத்திலேயே சோர்ந்துவிடும், ஆனால் வாய் மட்டும் "இன்னும் இன்னும்" என்று கேட்கும். வாயைப் பார்க்காதீர்கள், முழங்காலைப் பாருங்கள். மடங்காமல் குதிகாலால் இறங்க ஆரம்பித்தால், அடிக்கடி சரிந்து உட்கார்ந்தால், கதை முடிந்தது. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு, போய்க் குதி" என்று மறுபடி உள்ளே தள்ளுகிறவர்களைப் பார்க்கிறேன். டிக்கெட் காசு போனால் போகட்டும். வெளியே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

விடுமுறை நாள் மாலையில் போகாதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை நாள் காலையில் பெரிய பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள்.

சாக்ஸ்

அங்கே போட்டுக்கொள்ளும் வழுக்காத சாக்ஸில் ரப்பர் புள்ளிகள் உள்ளங்கால் பக்கம்தான் இருக்கின்றனவா? பெரிய அளவு வாங்கினால் திரும்பிக்கொள்ளும்.

வீடியோ

போனின் திரையில் உங்கள் குழந்தை மட்டும்தான் தெரியும், பக்கவாட்டிலிருந்து தாவி வரும் பன்னிரண்டு வயதுப் பையன் தெரிய மாட்டான். ஒரே ஒரு வீடியோ எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள். பாக்கெட்டில் அல்ல, லாக்கரில். பாக்கெட்டில் சாவியோ போனோ வைத்துக்கொண்டு குதிக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. குழந்தையின் வளையல், சங்கிலி, தொங்கும் கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள்.

படிவத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது

எந்தப் பகுதிக்கு என்ன வயது, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் உள்ளே விடும் முன் கையெழுத்து வாங்கும் அந்தப் படிவத்தில்தான் இருக்கும். காயம்பட்டால் பொறுப்பு யாருக்கு என்பதும்தான். படித்துவிட்டு ஒருமுறை உள்ளே சுற்றிப் பாருங்கள். கட்டங்களுக்கு நடுவே ஸ்பிரிங்கை மூடியிருக்கும் திண்டுகள் கிழிந்திருந்தால், அல்லது இரண்டு திண்டுகளுக்கு நடுவே சின்னக் கால் நுழையும் இடைவெளி இருந்தால், திரும்பி வந்துவிடுங்கள். டிராம்போலின் பார்க்குகளுக்கென்றே ஐஎஸ்ஓ 23659 என்ற சர்வதேசப் பாதுகாப்புத் தரம் 2022இல் வந்திருக்கிறது. அதைப் பின்பற்றுகிறீர்களா என்று கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் விழிப்பதையோ விளக்குவதையோ வைத்தே பாதி தெரிந்துவிடும்.

அழுகை நின்றதும் மறந்துவிடுவது

தலைகீழாக விழுந்து கழுத்து வலிக்கிறது என்றால், தூக்காதீர்கள், உட்கார வைக்காதீர்கள். விழுந்த நிலையிலேயே அசையாமல் இருக்கவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

காலைப் பொறுத்தவரை, வீக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். குழந்தை காலை ஊன்ற மறுத்தாலோ, நொண்டினாலோ, நடப்பதை விட்டுத் தவழத் தொடங்கினாலோ, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் மெல்லிய மடிப்பாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். சில நாள் கழித்து மறுபடி எடுக்கும்போதுதான் பிடிபடும். எனவே முதல் முறை ஒன்றுமில்லை என்று வந்தாலும், குழந்தை இன்னும் ஊன்றவில்லை என்றால் திரும்பப் போங்கள். போகும்போது "விளையாடும்போது அடிபட்டது" என்று பொதுவாகச் சொல்லாமல், டிராம்போலினில் குதித்தது, கூட யார் குதித்தார், அவர் எடை சுமார் எவ்வளவு என்பது வரை சொல்லிவிடுங்கள். கூடக் குதித்தது நீங்களே என்றாலும்.