போட்டி மேடைக்குச் சிறு பியானோ உருப்படிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

சிறிய உருப்படி என்றால் எளிய உருப்படி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். நீண்ட சொனாட்டா ஒன்றில் தொடக்கத்தில் தடுமாறிய விரல்கள், போகப்போக நிதானத்துக்கு வந்து நடுவர்களின் மனத்தைத் திரும்பப் பெற இடமுண்டு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் உருப்படியில் அதற்கு இடமே இல்லை. ஆகவே, எவ்வளவு கடினமானதை வாசிக்க முடியும் என்று பார்ப்பதைவிட, பழக்கமில்லாத பியானோவின் முன் அமர்ந்தவுடன் முதல் ஸ்வரத்திலிருந்தே எதை அழகாக வாசிக்க முடியும் என்று பார்ப்பதே சரி.

விதிமுறைகளைத் தேர்வுக்கு முன்பே படித்துவிடுங்கள். நேர வரம்பு, மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா என்பது, கட்டாய உருப்படி உண்டா என்பது ஆகிய மூன்றும் தெளிவாக வேண்டும். இரண்டாம் முறை வாசிக்கும் பகுதிகளையும், உருப்படிகளுக்கு இடையே விடும் அமைதியையும் சேர்த்தே நேரத்தைக் கணக்கிடுங்கள்.

தேடுவதற்கு இடம் ஏராளம். ஐரோப்பிய இசையமைப்பாளர்களில் ஷூமான் 1848இல் இளையோருக்காக எழுதிய தொகுப்பில் 43 உருப்படிகளும், சாய்கோவ்ஸ்கியின் 1878ஆம் ஆண்டுச் சிறுவர் தொகுப்பில் 24 உருப்படிகளும் உள்ளன. பார்டோக்கின் ‘மைக்ரோகாஸ்மாஸ்’ 153 உருப்படிகளை எளிதிலிருந்து கடினத்துக்கு ஆறு பாகங்களில் அடுக்கித் தருகிறது. சற்றுத் தேர்ந்தவர்கள் க்ரீக்கின் 66 ‘லிரிக்’ உருப்படிகளையும், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்கார்லாட்டி சொனாட்டாக்களையும் புரட்டிப் பார்க்கலாம். எல்லோரும் வாசிக்கும் ஒன்றையே நீங்களும் எடுத்தால், நடுவர்கள் தங்கள் காதில் ஏற்கெனவே குடியிருக்கும் வாசிப்போடு உங்களுடையதை ஒப்பிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓர் உருப்படியை எப்படி உற்றுப் பார்ப்பது என்பதற்கு, 1839இல் வெளியான ஷோப்பானின் 24 பிரெலூடுகளில் (குறும் பியானோ உருப்படிகளில்) ஏழாவது நல்ல எடுத்துக்காட்டு. அது மொத்தமே 16 பார்கள் (தாளக் கணக்கில் கோடிட்டுப் பிரித்த சிறு பகுதிகள்). தாளில் பார்த்தால் தொடக்கநிலை மாணவருக்கே உரியதுபோலத் தோன்றும். ஆனால் 12ஆவது பாரில், அதுவரை மெல்லப் பேசிவந்த இசை விரிந்து உச்சத்தைத் தொடும்போது வரும் அகன்ற கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) சிறிய கைக்கு எட்டுவதில்லை. அதைக் கீழிருந்து மேலாகச் சிதறவிட்டு வாசிக்கலாம். அப்போதும் மேல் ஸ்வரம் தெளிவாகப் பாட வேண்டும், பாஸ் எனும் அடி ஸ்வரத்தை, காலால் மிதிக்கும் பெடல் பிடித்திருக்க வேண்டும். இதைச் சிரமமின்றிச் செய்ய முடியாத கைக்கு மற்ற 15 பார்களும் எவ்வளவு இனிமையாக வந்தாலும் இந்த உருப்படி வேண்டாம். எந்த உருப்படியிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அதை முதல் நாளே கண்டுபிடித்து, அந்த இடத்தை வைத்தே முடிவெடுங்கள்.

இரண்டு உருப்படிகள் வாசிக்க வேண்டுமானால் ஒன்று வேகம், மற்றொன்று மெதுவு என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒன்றில் விரல்களின் தெளிவும் மற்றொன்றில் பெடலின் நிறமும், ஒன்றில் தாளத்தின் துள்ளலும் மற்றொன்றில் நீண்ட மூச்சாகப் பாடும் மெட்டும் வெளிப்பட்டால், வாசிப்பவரின் முழு உருவமும் நடுவர்களுக்குத் தெரியும். மிக மெல்லிய ஒலியில் தொடங்கும் உருப்படியை முதலில் வைக்காதீர்கள். கட்டைகளின் எடை கைக்குப் பிடிபடுவதற்கு முன் அந்த மென்மை எளிதில் வாய்ப்பதில்லை.

கருவியும் தேர்வில் பங்கு கொள்கிறது. ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும் உருப்படிகள் கிராண்ட் பியானோவில் இயல்பாக வரும். கட்டை முழுதும் மேலெழாமலே மறுபடி ஒலிக்கச் செய்யும் அமைப்பு அதில் உண்டு; அதற்குப் பியானோ தயாரிப்பாளர் எரார் 1821இல் காப்புரிமை பெற்றார். பெரும்பாலான நிமிர்ந்த பியானோக்களில் அந்த அமைப்பு இல்லை என்பதால் ஸ்வரங்கள் விழுங்கப்படக்கூடும். மேடையில் எந்த வகைப் பியானோ இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக மிஞ்சும் இரண்டு மூன்று உருப்படிகளை, காலையில் விரல்கள் குளிர்ந்திருக்கும்போது, எந்தப் பயிற்சியும் செய்யாமல், ஒரே ஒரு முறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். இதை ஒரு வாரம் தொடருங்கள். பதிவில் முதல் நான்கு பார்களை மட்டும் கேட்டு, எந்த உருப்படி ஏழு நாளில் ஐந்து நாளாவது தயக்கமின்றித் தொடங்குகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பின், போட்டிக்கு ஒரு மாதமே இருக்கும்போது வேறொன்றுக்கு மாறாதீர்கள்.