வறண்ட கண்ணுக்குச் சொட்டு மருந்து இடும் முறை

மதுரை வெயிலில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே கணினி முன் அமர்பவர்கள் பலருக்கும் மாலையில் கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல் இருக்கும். இமைக்கும் கருவிழிக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே கனமுள்ள கண்ணீர்ப் படலம். இமை விரைந்து நகரும்போது அந்த நீர் இரண்டையும் தொடவிடாமல் விலக்கி நிறுத்துகிறது. இமை புறப்படும்போதும் நிற்கும்போதும் வேகம் குறைந்து நீர் மெலிந்துவிடுவதால், உரசலைத் தாங்கும் பொறுப்பு கண்பரப்பில் படிந்திருக்கும் மியூசின் என்ற வழவழப்பான பொருளுக்கு வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலுள்ள எண்ணெய் அடுக்கு நீர் ஆவியாகாமல் காக்கிறது.

ஆகவே முதலில் ஒத்தடம். இமை விளிம்புச் சுரப்பிகளில் இறுகிய எண்ணெய் இளக, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு ஐந்து நிமிடமாவது நீடிக்க வேண்டும். துணி சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும்.

அடுத்து, கையைக் கழுவிவிட்டுச் சொட்டு மருந்து. எனக்குக் கைவர நாளானது இந்தப் படிதான். கருவிழியை நோக்கி மருந்தை விட்டால் இமை தானே மூடி அதை வெளியே தள்ளிவிடும். தலையைச் சாய்த்து, கீழிமையை மெல்ல இழுத்து, பார்வையை மேலே செலுத்தினால் இமைக்குள் ஒரு சிறு பை தெரியும். குப்பியின் முனை எதிலும் படாமல் அதற்குள் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். பிறகு கண்ணை இறுக்காமல் ஒரு நிமிடம் மூடியிருங்கள்.

அடிக்கடி மருந்து இடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகளையே. விலை கூடுதல்தான், ஆனால் பெரிய புட்டிகள் பலவற்றில் மருந்து கெடாமல் இருக்கக் கலக்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு, தொடர்ந்து பட்டால் கண்பரப்பையே புண்படுத்தும்.

1976-இல் மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் இந்த ஊரில், பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் மருந்து விட்டுக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. வலி, சிவப்பு, பார்வை மங்கல் இருந்தால் அன்றே காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: விடியற்காலையில்தான் எரிச்சல் அதிகம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உறக்கத்தில் இமை முழுதும் மூடாதவர்களுக்கு அப்படி நேரலாம். மருத்துவரிடம் கேட்டு, படுக்கும் முன் கண் களிம்பு இடலாம். அது சிறிது நேரம் பார்வையை மங்கச் செய்யும் என்பதால், எல்லா வேலையும் முடித்த பிறகே இட வேண்டும்.