பாசஞ்சர் டிக்கெட்டில் 250 ரூபாய் தண்டம் கட்டாமல் ஊர் சுற்றுவது எப்படி?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திருநெல்வேலி ஜங்ஷன் கவுண்டர் வரிசையில் எனக்கு முன்னால் மூன்று பையன்கள். காலேஜ் முதல் வருஷமாக இருக்கும், கழுத்தில் ஐடி கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. "திருச்செந்தூர் மூணு" என்றான் ஒருவன். உள்ளே இருந்தவர் அடித்துக் கொடுத்தார். பையன் அதைப் பார்க்கவே இல்லை. நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துவிட்டான். "ஏலே, எந்த வண்டிக்கு எடுத்திருக்கன்னு பாருல" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் என் முறை வந்தது, டிக்கெட் வாங்கித் திரும்பினால் ஆளைக் காணோம்.

2015-இல் நானும் அப்படித்தான் மடித்து வைத்தேன். அதன் கதை கீழே வருகிறது.

எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி, வேலை பாளையங்கோட்டையில். வாரக் கடைசியானால் செங்கோட்டை பாசஞ்சர்தான் எனக்கு வீட்டு வண்டி. அதில் குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் கிளம்பி வரும் மாணவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் செய்த தப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் அப்படி ஒரு தப்புதான். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே என்பதெல்லாம் இங்கே வராது. அதைச் சொல்ல வீட்டில் அம்மா இருக்கிறார்.

ஊர்ப் பேரை மட்டும் சொல்லி டிக்கெட் வாங்குவது

ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட்டில் ரகம் உண்டு. பாசஞ்சருக்கு எடுப்பது ஆர்டினரி. எக்ஸ்பிரஸுக்கு எடுப்பது வேறு. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மேல் இன்னொரு 15 ரூபாய். ஊர் ஒன்று, தண்டவாளம் ஒன்று, உட்காரும் பலகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் டிக்கெட் வேறு.

ஆர்டினரியில் மிகக் குறைந்த கட்டணம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸில் 30 ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களிலும் எக்ஸ்பிரஸ் கட்டணத்தையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய ஆர்டினரி கட்டணம் திரும்பி வந்தது. நடுவில் அந்த நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இப்படி இரண்டு கட்டணம் இருப்பதே தெரியாது. இப்போது காலேஜுக்கு வந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

சரி, 2015-க்கு வருகிறேன். நாங்கள் நாலு பேர், பாளையங்கோட்டையில் ஹாஸ்டல் வாசம். திருச்செந்தூர் போய்க் கடலில் குளித்துவிட்டு சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவதாகத் திட்டம். புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்து, கூட்டம் வருவதற்கு முன்பே டிக்கெட் வாங்கி வைத்தேன். "திருநெல்வேலி நாலு." அவ்வளவுதான் சொன்னேன். அந்த நேரத்துக்கு அடுத்த வண்டி பாசஞ்சர் என்பதால் அவர் ஆர்டினரி அடித்துக் கொடுத்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

டிக்கெட் கையில் இருக்கிற தெம்பில் மறுபடி கடற்கரைக்குப் போய் சுண்டல் வாங்கி உட்கார்ந்தோம். ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது பாசஞ்சரின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சென்னை போகும் வண்டியைக் கொண்டுவந்து போட்டார்கள். "திருநெல்வேலிக்குத்தானல டிக்கெட்டு இருக்கு, இதுவும் திருநெல்வேலி வழியாத்தான போவுது, ஏறுங்கல" என்றான் ஒருத்தன். பொது அறிவில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று நாங்கள் நம்பிய காலம். ஏறினோம். ஜெனரல் பெட்டியில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. வழியில் ஒருவரும் டிக்கெட் கேட்கவில்லை.

ஜங்ஷனில் இறங்கி வெளியே வரும் வழியில் டிடிஆர் நின்றார். திருடனாக இருந்தால் சுற்றிக்கொண்டு போயிருப்போம். நாங்கள்தான் டிக்கெட் எடுத்த உத்தமர்களாயிற்றே! கேட்பதற்கு முன்பே நீட்டினேன். அவர் பார்த்தார், கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"எந்த வண்டில வந்தீங்க தம்பி?"

"சென்னை வண்டி சார்."

அவர் டிக்கெட்டைத் திருப்பி என்னிடம் காட்டி, 'ஆர்டினரி' என்று அச்சடித்திருந்த இடத்தில் பேனாவை வைத்தார். அந்தச் சின்ன எழுத்தை அப்போதுதான் நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

ஆர்டினரி டிக்கெட்டில் எக்ஸ்பிரஸில் வந்தால், சட்டப்படி அது சரியான டிக்கெட் இல்லாத பயணம். கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும், அதுவும் தலைக்கு. வித்தவுட்டில் வந்து மாட்டினாலும் டிக்கெட் காசும் அதே 250-ம்தான். டிக்கெட் எடுத்தவனுக்கும் எடுக்காதவனுக்கும் ஏறக்குறைய ஒரே தண்டம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். நாலு பேருக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது. எங்கள் நாலு பேர் பையையும் உதறியதில் தேறியது முந்நூற்றுச் சில்லறை. கடைசியில், திங்கட்கிழமை கட்ட வேண்டிய தேர்வுக் கட்டணத்தை ஒருத்தன் சட்டையின் உள்பையிலிருந்து எடுத்தான். டிடிஆர் சத்தம் போடவில்லை, பொறுமையாக ரசீது எழுதினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏற்கெனவே ஒரு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தாயிற்று, இன்னொன்று எதற்கு என்கிற கஞ்சத்தனம்தான் இதன் வேர். தப்பு டிக்கெட் கையில் இருந்து, வர வேண்டிய வண்டியும் போய்விட்டால், மறுபடி கவுண்டருக்குப் போய்ப் புதிதாக எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுத்துவிடுங்கள். பழைய காசு போனது போனதுதான். ஆனால் அது பத்து, இருபது ரூபாயோடு முடிந்துவிடும்.

கவுண்டரில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஊர், எத்தனை பேர், பாசஞ்சரா எக்ஸ்பிரஸா. பிறகு டிக்கெட்டை அங்கேயே நின்று படியுங்கள். பின்னால் இருப்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வண்டியின் ரகத்தை எண்ணை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஐந்து இலக்க எண் 5, 6, 7-இல் தொடங்கினால் பாசஞ்சர், மெமு (மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர வண்டி), டெமு (டீசலில் ஓடுவது) வகை, ஆர்டினரி போதும். 1 அல்லது 2-இல் தொடங்கினால் எக்ஸ்பிரஸ். அதிலும் 12, 20, 22 என்று வந்தால் சூப்பர்ஃபாஸ்ட். 0-வில் தொடங்கினால் ஸ்பெஷல், அதற்கு எந்தக் கட்டணம் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

வண்டியின் நடையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பாலக்காடு - திருச்செந்தூர் வண்டி பல வருஷம் பாசஞ்சராக ஓடியது. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அதைப் 'பாலக்காடு பாசஞ்சர்' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அதன் எண் 16731, எக்ஸ்பிரஸ். தாத்தா பேச்சைக் கேட்டு ஆர்டினரி எடுத்து ஏறினால் தண்டம் கட்டப்போவது பேரன்தான்.

எது முதலில் வரும் என்று தெரியாத நேரத்தில் நான் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டே எடுத்துவிடுவேன். அது பாசஞ்சரிலும் செல்லும். கூடுதலாகப் போவது இரண்டு வடை, ஒரு டீக்கான காசு. போனில் ரயில்வே ஆப்பில் எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காகிதமில்லாத டிக்கெட்டில் ரகத்தை மாற்றி அழுத்திவிட்டால் ரத்து செய்ய வழி கிடையாது.

காலையிலேயே சாயங்கால டிக்கெட்டையும் எடுத்து வைப்பது

199 கிலோமீட்டர் வரைக்குமான ரிசர்வேஷன் இல்லாத டிக்கெட்டில், வாங்கியதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். அதற்குள் அந்தப் பக்கம் வண்டியே இல்லையென்றால் அடுத்து கிளம்பும் முதல் வண்டி வரை செல்லும். நம் பக்கத்துப் பயணம் எல்லாமே இந்தக் கணக்குக்குள்தான் வரும். திருச்செந்தூர் 60 கிலோமீட்டர் சொச்சம், தென்காசி 70 சொச்சம். குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு வந்தால் டிக்கெட் வெறும் காகிதம்.

ஸ்கிரீன்ஷாட்

செல்லாது. ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும். போனில் சார்ஜ் வையுங்கள்.

ஸ்டேஷன் பேரை நம்பி ஊரைத் தேடுவது

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் இறங்கினால் ஸ்ரீவைகுண்டம் வந்துவிடாது. ஸ்டேஷன் தாமிரபரணிக்குத் தென்கரையில், புதுக்குடியில் இருக்கிறது. ஊரும் பெருமாள் கோயிலும் வடகரையில். ஆற்றைத் தாண்ட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வண்டி சுமார் 800 பேரோடு சிக்கி நின்ற ஸ்டேஷனும் இதுதான். அன்றைக்குச் செய்தி பார்த்தவர்களுக்கு ஸ்டேஷனைச் சுற்றி எவ்வளவு தண்ணீர் நின்றது என்று நினைவிருக்கும். நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் பார்க்கக் கிளம்பும் பிள்ளைகள் இங்கே இறங்கி, நடக்கவும் மனமில்லாமல் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசு ரயில் கட்டணத்தைவிடப் பல மடங்கு. நண்பர்களோடு பேசிக்கொண்டே பாலத்தில் நடந்தால் ஆற்றையும் பார்த்த மாதிரி இருக்கும்.

நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். செங்கோட்டைப் பக்கமிருந்து பாசஞ்சரில் வருகிறவர்கள் ஜங்ஷன் வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்ப டவுனுக்குப் போகிறார்கள். திருநெல்வேலி டவுன் என்றே ஒரு ஸ்டேஷன் ஜங்ஷனுக்கு முன்னால் இருக்கிறது. பாசஞ்சர் அங்கே நிற்கும்.

ஒற்றைத் தண்டவாளத்தில் நிமிஷக் கணக்குப் போடுவது

திருச்செந்தூர் பாதையும் செங்கோட்டை பாதையும் ஒற்றை வழி. எதிரே ஒரு வண்டி வந்தால் இரண்டில் ஒன்று ஏதாவது ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். இதற்குக் கிராசிங் என்று பேர். பெரும்பாலும் நம் பாசஞ்சர்தான் ஒதுங்கும், எக்ஸ்பிரஸ் கொண்டை போட்ட மாப்பிள்ளை மாதிரி நிற்காமல் போகும். ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்த பத்தாவது நிமிஷத்தில் தூத்துக்குடி வண்டி பிடிப்பேன் என்று கணக்குப் போட்டவர்கள் பலரை நான் பிளாட்பாரத்தில் ஓடப் பார்த்திருக்கிறேன். வண்டி மாற வேண்டியிருந்தால் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வாஞ்சி மணியாச்சியில் மாறுவதாக இருந்தால் சாப்பாட்டைக் கையிலேயே கொண்டுபோங்கள். அங்கே வண்டிக்காகக் காத்திருக்க நேர்ந்த என் தம்பி ஒருத்தன், 'வாஞ்சி' என்பது யார் வீட்டுப் பேர் என்று போனில் என்னிடம் கேட்டான். 1911 ஜூன் 17-ஆம் தேதி அந்த ஸ்டேஷனில் நின்ற ரயிலில்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் வண்டி வந்துவிட்டது.

திரும்பி வரும் வண்டியைப் பார்க்காமல் கிளம்புவது

இந்தப் பாதைகளில் பாசஞ்சர் ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும்படிதான் ஓடுகிறது. முதலில் கடைசி வண்டியின் நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்து நாளைத் திட்டமிடுங்கள். கடைசி வண்டியை விட்டால் பஸ்தான், அதற்கான காசைத் தனியாக, தொடாத இடத்தில் வையுங்கள். எங்கள் செட்டில் அதற்கு 'செருப்புக் காசு' என்று பேர். மடித்துச் செருப்புக்கு அடியில் வைத்துக்கொள்வான் ஒருத்தன். நோட்டு நாறும், ஆனால் செல்லும்.

கூட்ட நாளில் போவது

சஷ்டி, விசாகம் என்றால் திருச்செந்தூர் வண்டியை மறந்துவிடுங்கள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைமேல் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டம் அம்பாசமுத்திரம் வழியாகத்தான் மேலே ஏறும். அன்றைக்குப் பாபநாசம் பிளான் போட்டால் நீங்கள் குளிப்பது வியர்வையில்தான். குற்றாலம் சீசனில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர வேறு எந்த நாளும் பரவாயில்லை. கிளாஸைக் கட் அடிக்கச் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்.

காலியாக இருக்கிறதே என்று ரிசர்வ் பெட்டியில் ஏறுவது

அதே 250.

போகும்போதே அல்வா வாங்குவது

நெய் இறங்கிப் பை நாசமாகும். வரும்போது வாங்குங்கள்.

வலது பக்கம் உட்காருவது

செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறினால் இடது ஜன்னலைப் பிடியுங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வரும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் வண்டி தாமிரபரணியைத் தாண்டும். பாலத்தில் சக்கரச் சத்தம் மாறுவதை வைத்தே எங்கள் ஊர்க்காரர்கள் தூக்கத்திலிருந்து எழுந்து செருப்பைத் தேடுவார்கள். கீழே துணி துவைக்கிறவர்கள் தலை நிமிர்த்திப் பார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் கை காட்டும். அரை நிமிஷம்கூட இருக்காது, அந்த நேரம் பார்த்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அடுத்து அம்பாசமுத்திரம் ஸ்டேஷன் சுவர்தான் தெரியும்.