‘அசம்ப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகுவோம், படிப்படியாக

சாதாரணதரம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் வேலைக்காக ஆங்கிலம் படிப்பவர்களுக்கும் இது. ‘அசியூம்’ என்ற வினைச்சொல்லும் ‘அசம்ப்ஷன்’ என்ற பெயர்ச்சொல்லும் வாசிக்கும்போது பலருக்கு விளங்கும். தாமாக எழுதப் போனால் ‘திங்க்’ போட்டுச் சமாளித்துவிடுவார்கள். மட்டக்களப்பில் இருப்பவருக்கு அப்படிச் சமாளிக்கத் தேவையே இல்லை. இந்தச் சொல்லைப் பழக எங்கள் வாவியிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது.

படி 1: எழுத்துக்கூட்டல்

இரண்டு சொல்லிலும் ‘எஸ்’ இரண்டு வரும். வினைச்சொல்லில் இல்லாத ‘பீ’ பெயர்ச்சொல்லில் வந்து சேரும். கன்சியூம், கன்சம்ப்ஷன் ஆவதும் ரிசியூம், ரிசம்ப்ஷன் ஆவதும் இதே வழியில்தான்.

படி 2: பொருள்

ஆதாரம் கையில் இல்லாமலே ஒன்றை உண்மையென்று எடுத்துக்கொள்வதுதான் ‘அசியூம்’. இதைப் பொய் என்று விளங்கிக்கொள்பவர்கள் நிறையப் பேர். ‘தட்ஸ் ஜஸ்ட் ஆன் அசம்ப்ஷன்’ என்று ஒருவர் சொன்னால் கோபிக்க வேண்டாம். நீங்கள் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை, ஆதாரம் எங்கே என்றுதான் கேட்கிறார். எடுத்துக்கொண்டது பின்னால் சரியாகவும் வரலாம், பிழையாகவும் போகலாம்.

படி 3: வாவியில் வைத்துப் பார்ப்போம்

மட்டக்களப்பை ‘மீன் பாடும் தேன்நாடு’ என்று பெருமையோடு சொல்கிறோம். அதில் எது ‘ஃபக்ட்’, எது ‘அசம்ப்ஷன்’?

நிலவுக் காலத்தில், கல்லடிப் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து, வாவிக்குள்ளிருந்து எழும் இசைபோன்ற ஒலியைக் கேட்பது பழைய வழக்கம். 1848இல் இங்கு வந்த பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைத் தானும் கேட்டதாக எழுதியிருக்கிறார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய அதிர்வைப் போல இருந்தது என்பது அவர் வர்ணனை. 1950களில் அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவும் செய்தார். ஆகவே ஒலி இருக்கிறது என்பது ‘ஃபக்ட்’.

பாடுவது மீன்தான் என்பது? அது ‘அசம்ப்ஷன்’. டெனன்ட் விசாரித்த மீனவர்களோ சத்தம் ஊரி என்ற ஓடுள்ள சிறு நீர்வாழ் உயிரியிலிருந்து வருகிறது என்றார்கள். அதுவும் ‘அசம்ப்ஷன்’தான். இப்போது ஒருவர், ஊரி நிறைந்த இடத்திலும் ஊரி இல்லாத இடத்திலும் ஒலிவாங்கியை இறக்கி ஒப்பிட்டுப் பார்க்கப் புறப்படுகிறார் என்று வையுங்கள். அந்த நிமிடமே, சோதிக்கத்தக்க கூற்றாக, அது ‘ஹைபோதிசிஸ்’ ஆகிவிடும். விஞ்ஞானப் பாடத்தில் கருதுகோள் என்று படிப்பது இதைத்தான். சோதிக்க முன்வந்தால் ஹைபோதிசிஸ், சோதிக்காமலே அதன்மேல் அடுத்த பேச்சைக் கட்டினால் அசம்ப்ஷன். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘தேன்நாடு’ என்ற பெயருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படி 4: வசனத்தில் வைப்பது

‘மேக் ஆன் அசம்ப்ஷன்’ என்றே எழுதுங்கள், ‘டூ’ வராது. ஒன்றைப் பற்றியது என்றால் ‘அபவுட்’. முழு வசனம் தொடர்ந்தால் ‘தட்’. ‘என்ற நம்பிக்கையில்’ என்பதற்கு ‘ஆன் தி அசம்ப்ஷன் தட்’. இங்கே தமிழின் ‘இல்’லைப் பார்த்து ‘இன்’ போட்டுவிடுகிறோம், கவனம். அம்பாறைப் பக்கம் பெரும்போகத்தில் மானாவாரி விதைப்பவர் சொல்வதாக ஒரு வசனம்: ‘வீ சோ ஆன் தி அசம்ப்ஷன் தட் இட் வில் ரெயின்.’ மழை வருமென்று எடுத்துக்கொண்டுதான் விதைக்கிறோம்.

‘ஐ அசியூம் யூ ஆர் ஃபிரம் கல்முனை’ என்பது கேள்விக்குறி இல்லாத கேள்வி. கல்முனைதானே என்று மரியாதையாகக் கேட்கிறார். ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும்.

படி 5: ‘பிரிசியூம்’ எங்கே?

ஏதோ ஒரு நியாயத்தை வைத்து, வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை உண்மையென்று கொள்வது ‘பிரிசியூம்’. சட்டத்துக்கு இந்தச் சொல்தான் உரியது. இலங்கை அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை, குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒவ்வொருவரையும் சுத்தவாளியாகக் கொள்ளச் சொல்கிறது. அங்கே ‘அசியூம்’ போட்டால் பிழை.

படி 6: ஊகத்தோடு தொடர்பில்லாத இரண்டு இடங்கள்

ஆகஸ்ட் 15இல் கத்தோலிக்கர் கொண்டாடும் மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கும் ஆங்கிலத்தில் ‘அசம்ப்ஷன்’தான் பெயர். அங்கே மேலே எடுத்துக்கொள்ளப்படுதல் என்று பொருள்.

மற்றது அரசாங்க வேலை கிடைத்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் கையொப்பமிட்டுக் கொடுக்கும் கடிதத்தில் ‘அசம்ப்ஷன் ஆஃப் டியூட்டீஸ்’ என்று இருக்கும். கடமையேற்றல் என்று பொருள். ‘ஐ அசியூம்ட் டியூட்டீஸ் டுடே’ என்று தயங்காமல் எழுதுங்கள், அதில் ஊகம் எதுவும் இல்லை.

பயிற்சிக்கு ஒன்று: ‘கடைசி பஸ் போயிருக்காது என்ற நம்பிக்கையில் அவர் களுவாஞ்சிக்குடியில் காத்திருந்தார்.’ ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். ‘ஆன்’ போட்டு, ‘அசம்ப்ஷன்’ எழுதி, ‘தட்’டுக்குப் பின் ‘ஹாட் நொட் லெஃப்ட்’ என்று முடித்திருந்தால் சரி.