வீட்டுக்குள் செடி: தண்ணீர்க் குவளையை எடுப்பதற்கு முன்

புதிதாகச் செடி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றணும்?” என்பதுதான். இதற்கு நாள் கணக்கில் பதில் கிடையாது. ஜன்னலோரம் நாலைந்து நாளில் காய்ந்துவிடும் அதே தொட்டி, அறை மூலையில் இரண்டு வாரம் ஆனாலும் ஈரமாகவே கிடக்கும். செடி எவ்வளவு குடிக்கும் என்பதைப் பெரிதும் வெளிச்சமே முடிவு செய்கிறது. ஆகவே முதலில் இடம், அடுத்து தொட்டி, தண்ணீர் அதற்கப்புறம்.

இடம்

வெளிச்சத்தைக் கண்ணால் அளக்க முடியாது. நம் கண் மங்கலுக்குச் சட்டென்று பழகிவிடும், செடிக்கு அந்த வசதி இல்லை. நடுப்பகலில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் வெளிச்சம் பலமாக இருக்கிறது. ஓரம் கலங்கி, கையின் வடிவம் மட்டும் தெரிந்தால் பெரும்பாலான இலைச்செடிகளுக்கு அது போதும். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வளராது, கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைப்பது நல்லது. ஆனால் கண்ணாடி வழியாக உச்சிவெயில் நேராக விழுந்தால் இலை வெளிறி, காகிதம் போலக் காய்ந்த திட்டுகள் வரும். ஒரு மெல்லிய திரை போதும். வெளிச்சம் பற்றாத செடியை அடையாளம் காண்பது எளிது. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீளும், புது இலை பழையதைவிடச் சிறியதாக வரும், தண்டு ஜன்னல் பக்கமே சாயும். நல்ல ஜன்னல் இல்லாதவர்கள், செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் வெள்ளை எல்இடி விளக்கைத் தினம் 12 மணி நேரம் எரியவிடலாம்.

எந்தச் செடி?

மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஸீஸீ பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட். இந்த நான்கில் ஒன்றில் ஆரம்பியுங்கள். கலத்தியாவும் பெரணியும் அழகுதான், ஆனால் காற்றில் ஈரம் குறைந்தாலே முகம் சுளிக்கும். அவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் கைக்குழந்தையோ பூனை, நாயோ இருந்தால் மணி பிளான்ட், ஸீஸீ, டைஃபன்பேக்கியா ஆகியவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். அவற்றில் உள்ள கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் எரியவைக்கும். ஸ்நேக் பிளான்ட்டைக் கடித்தாலும் வாந்தி வரலாம். ஸ்பைடர் பிளான்ட்டில் அந்தப் பயம் இல்லை.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பேச்சுக்கு மூலமான 1989 நாசா ஆய்வு, சிறிய மூடிய அறைப்பெட்டிகளில் நடந்தது. காற்று வந்துபோகும் வீட்டில் நாலைந்து தொட்டிகளால் பெரிய மாற்றம் எதுவும் வராது.

தொட்டியும் கலவையும்

அடியில் துளை இல்லாத தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் செடியை நேரடியாக நடாதீர்கள். துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை உள்ளே இறக்கி வைக்கலாம். அடியில் கூழாங்கல் போட்டால் நீர் வடியும் என்பது பலர் சொல்வது, நடப்பது நேரெதிர். தொட்டியில் நிரப்பும் நுண்ணிய மண்கலவையில் இருக்கும் நீர், அது முழுக்க நனைந்து ஊறும்வரை கல் அடுக்குக்குள் இறங்காது. கல் போட்ட உயரத்துக்கு ஈரப்பகுதி மேலேறி, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

தோட்டத்து மண் தொட்டிக்குள் இறுகிவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, பெர்லைட் (கனமில்லாத வெள்ளைக் கல்துகள்) 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு கலந்தால் இலைச்செடிகளுக்குச் சரியாக இருக்கும். ஸ்நேக், ஸீஸீ இரண்டுக்கும் பெர்லைட்டை இரண்டு பங்காக்குங்கள். கோகோபீட்டில் உப்பு இருக்கலாம், ஊறவைத்து இரண்டு முறை அலசிப் பிழிந்த பின் கலப்பது நல்லது. தொட்டி மாற்றும்போது பழையதைவிட 3 முதல் 5 செ.மீ. அகலம் கூடினால் போதும். மிகப் பெரிய தொட்டியில் வேர் எட்டாத கலவை காயாமல் கிடந்து, அழுகலுக்கு வழி செய்யும்.

தண்ணீர்

விரலை இரண்டாவது கணுவரை, ஏறக்குறைய 5 செ.மீ., கலவைக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள். மணி பிளான்ட், ஸ்பைடர் இரண்டுக்கும் அந்த ஆழம் காய்ந்ததும் ஊற்றலாம். ஸ்நேக், ஸீஸீ ஆகியவை கிழங்கிலும் இலையிலும் நீரைச் சேர்த்து வைத்திருப்பவை, தொட்டி அடிவரை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். அதைத் தெரிந்துகொள்ள விரல் எட்டாது. ஊற்றியவுடன் ஒருமுறையும் நன்றாகக் காய்ந்தபின் ஒருமுறையும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனத்தின் வித்தியாசம் கைக்குப் பிடிபட்டதும் விரலே தேவைப்படாது.

ஊற்றும்போது அரைகுறையாக ஊற்றாதீர்கள். அடித்துளை வழியாக நீர் வெளியேறும்வரை கலவை முழுக்க நனைய ஊற்றி, அரை மணி நேரத்தில் தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். தினம் ஒரு மடக்கு ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், அடிவேர் காயும், உப்பும் உள்ளேயே தங்கும். ஊற்றிய நீர் உடனே ஓரமாக வழிந்து ஓடினால், கலவை காய்ந்து சுருங்கித் தொட்டியை விட்டு விலகியிருக்கிறது. அப்போது தொட்டியை ஒரு வாளி நீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்: அதிக நீர் குடித்த செடியும் வாடியே நிற்கும். கலவையின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் நின்றால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது, வேர் செத்து அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. வாட்டத்தைப் பார்த்து மேலும் ஊற்றினால் கதை முடிந்தது. மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் உறுதியாக, வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். அழுகிய வேரை இரு விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மாதிரி ஓர் இழை மிஞ்சும், நாற்றமும் அடிக்கும். சுத்தமான கத்தரிக்கோலால் அதையெல்லாம் நறுக்கி, மிச்சமுள்ள வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் புதுக் கலவையில் நடுங்கள். உரம் வேண்டாம். வேரே மிஞ்சாத மணி பிளான்ட் என்றால், கணு உள்ள தண்டாக வெட்டி, கணு முங்கும்படி தண்ணீரில் போட்டால் சில வாரங்களில் புதுவேர் விடும்.

உரம்

துளிர் விடும் காலத்தில் மட்டும், மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் பாதி. இலை நுனி கருகி, மண்மேல் வெள்ளையாகப் பொருக்கு கட்டினால் உப்பு சேர்ந்துவிட்டது. மேல்பொருக்கைச் சுரண்டிவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி அலசுங்கள்.

பூச்சி

இலைக்காம்பின் கக்கத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் மாவுப்பூச்சி. 70% ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். இலையில் நுண்ணிய வெளிர் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் அது செம்பேன். இலையின் அடிப்பக்கத்தை நீரால் நன்றாகக் கழுவி, 1 லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். முட்டைகள் இதில் முழுதாகச் சாவதில்லை என்பதால் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தெளிக்க வேண்டும். மண்ணிலிருந்து சின்னக் கறுப்புக் கொசுக்கள் கிளம்பினால் மருந்து தேடாதீர்கள். மேல்மண் ஓயாமல் ஈரமாக இருப்பதால் வருபவை அவை, காயவிட்டால் குறைந்துவிடும்.

புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் அந்த நாட்களில் அடியிலை இரண்டொன்று பழுத்து உதிரலாம். துளிர் நன்றாக இருக்கும்வரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.