கைக்கு ஷாக் தெரியாது, போர்டு போய்விடும்: ஸ்டேட்டிக்கிலிருந்து காப்பது எப்படி?

"கடல் காத்து அடிக்கிற ஊரு, இங்க ஸ்டேட்டிக் எல்லாம் வராது" என்று குமரி மாவட்டத்தில் பலரும் நம்புகிறார்கள். ஸ்டேட்டிக் என்றால் உரசலால் உடம்பிலும் பொருளிலும் தேங்கும் மின்சாரம், அதாவது சார்ஜ். அவர்கள் நம்புவது பாதிதான் சரி. கார்ப்பெட்டில் நடந்தால், ஈரப்பதம் 10–20 சதவீதமாக உள்ள வறண்ட காற்றில் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே 1,500 வோல்ட் அளவுக்கு இறங்கும். ஆனால் சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நம் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. எலக்ட்ரானிக் போர்டில் உள்ள சில ஐசிகளும் (சிப்களும்) மாஸ்ஃபெட்களும் (மின்சாரத்தை ஆன்-ஆஃப் செய்யும் ஒருவகை டிரான்சிஸ்டர்கள்) 100 வோல்ட்டுக்கே அடிவாங்கிவிடும். அடிவாங்கிய போர்டு உடனே சாக வேண்டும் என்றும் இல்லை. சில வாரம் நன்றாக ஓடிவிட்டு, திடீரென்று மக்கர் பண்ணும். ஏசி போட்ட அறையிலும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி பக்கம் அடிக்கிற வறண்ட காற்றிலும் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் மேசை. பிளாஸ்டிக் விரிப்பு, தெர்மோகோல், கேரி பேக், செல்லோடேப் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். சார்ஜ் தேங்கவிடாத ஆன்டி ஸ்டேட்டிக் மேட் (விரிப்பு) இருந்தால் நல்லது. இல்லையென்றால் வெறும் மரப்பலகை. பாலியெஸ்டர் சட்டைக்குப் பதில் பருத்தி போடுங்கள்.

அடுத்தது ரிஸ்ட் ஸ்ட்ராப்: உடம்பின் சார்ஜை வயர் வழியே இறக்கிவிடும் மணிக்கட்டுப் பட்டை, வயரின் மறுமுனையில் ஒரு கிளிப் இருக்கும். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்ட்ராப்பின் உலோகத் தகடு வெறும் தோலில் அழுந்த வேண்டும், சட்டைக் கைக்கு மேல் அல்ல. வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும்: தவறி 230 வோல்ட்டில் பட்டாலும் கால் மில்லியாம்பியருக்கு மேல் உடம்பில் பாயாது. அதனால் வெறும் வயரைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, தகட்டுக்கும் கிளிப்புக்கும் இடையே பாருங்கள். ஒரு மெகாஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது, தூக்கிப் போடுங்கள். வயரே இல்லாத ஸ்ட்ராப்புக்குக் காசு கொடுக்காதீர்கள், சார்ஜ் இறங்க அதில் வழியே கிடையாது.

கிளிப்பை எங்கே மாட்டுவது? கம்ப்யூட்டர் என்றால் பவர் கார்டைக் கழற்றிவிட்டு, கேபினெட்டில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். உங்கள் உடம்பும் போர்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தால் பொறி பாயாது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான். மேட்டை எர்த் செய்ய வேண்டுமானால், த்ரீ பின் சாக்கெட்டின் மேலே உள்ள பெரிய துளைதான் எர்த். பழைய வீடுகளில் அதில் வயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்த்து, எர்த் பின்னில் மட்டும் இணைப்பு உள்ள பிளக் ஒன்று செய்து வாங்குங்கள். ஆணியையோ கம்பியையோ சாக்கெட்டில் செருகாதீர்கள். கரண்ட் இருக்கும்போது எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை), இன்வெர்ட்டர் போர்டு பார்ப்பதானால் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும்.

இனி போர்டை எடுக்கலாம். ஓரத்தைப் பிடியுங்கள். ரேமின் தங்க நிறக் காலிலோ ஐசி காலிலோ விரல் படக் கூடாது. நம்ம ஊர் வியர்வையும் உப்பும் அங்கே களிம்பும் பிடிக்க வைக்கும். சால்டரிங் அயர்ன் த்ரீ பின் உள்ளதாக, முனை எர்த் ஆனதாக இருக்கட்டும். தூசி தட்ட நைலான் பிரஷ் வேண்டாம்.

வேலை முடிந்ததும் போர்டை வெள்ளி நிற ஷீல்டிங் கவருக்குள் (வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்கும் கவர்) போட்டு வாயை மடித்துவிடுங்கள். பிங்க் கவர் தானாகச் சார்ஜ் ஏறாது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது. வெள்ளி நிறக் கவருக்கு மேலே போர்டை வைத்து ஆன் செய்வதும் தப்பு, அது மின்சாரம் கடத்தும். அலுமினிய ஃபாயிலில் சுற்றுவதானால் போர்டில் உள்ள பட்டன் செல்லைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ சர்வீசுக்குக் கொண்டுபோகும்போதும் இதே கவர்தான். தெர்மோகோல் வைப்பதாக இருந்தால் கவருக்கு வெளியே வையுங்கள்.